மாற்று அறிந்து பொன் கொள்வோம்

வீட்டில் பெண்ணுக்குத் திருமணம் உறுதியாகிவிட்டால், மண்டபத்துக்கு அடுத்தபடியாக எழும் பேச்சு பொன்னைப் பற்றியதாகவே இருக்கும். ஜொகூர் பாருவில் அருள்மிகு இராஜமாரியம்மன் ஆலயத்தைச் சூழ்ந்த கடைத்தெருவிலோ, மூவார், குளுவாங், சிகாமட் முதலிய நகரங்களிலோ ஒரு நகைக் கடைக்குள் பெற்றோர் நுழைகின்றனர். கண்ணாடிப் பேழைக்குள் சங்கிலிகள் அருகருகே மின்னுகின்றன. ஒரு தட்டில் 999 என்ற எண் காணப்படுகிறது, அடுத்த தட்டில் 916, அப்பால் 835, வைரம் பதித்தவற்றில் 750. "இவற்றுள் எது நல்ல தங்கம்?" என்று அவர்கள் வினவுகின்றனர்.

இவ்வினா இயல்பானதே. ஆயினும் இதற்கு ஒரே விடை கிடையாது. நான்கிலும் உள்ள பொன் ஒன்றே. அதனுடன் கலந்துள்ள பிற உலோகத்தின் அளவுதான் வேறு. ஆகவே, "இந்நகை எதற்காக? அதற்கு எத்தனை மாற்றுப் பொன் தகும்?" என்று வினவுவதே முறையாகும்.

இதனை வெறும் அழகுப் பொருள் பற்றிய ஆராய்ச்சி என்று எண்ணுதல் கூடாது. தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த நம் முன்னோர் பலருக்கு வங்கிக் கணக்கு இருந்ததில்லை. தாயின் கழுத்துச் சங்கிலியே சேமிப்பாக இருந்தது. பிள்ளையின் படிப்புக்கும், நோய்க்கும், சாவுச் செலவுக்கும் அடகுக் கடைக்குச் சென்றது அச்சங்கிலியே. இன்றும் பல குடும்பங்களில் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. வாங்கும் நாளில் எல்லா நகையும் ஒன்றுபோல் மின்னும். விற்கும் நாளிலும் அடகு வைக்கும் நாளிலுமே மாற்றின் வேறுபாடு புலப்படும். அந்நாள் பெரும்பாலும் துன்ப நாளாகவே இருக்கும்.

மதுரையில் பறந்த கொடிகள்

பொன்னில் வகை உண்டு என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில், ஊர்காண் காதையில், கோவலன் மதுரை நகரின் பொற்கடை வீதியைக் காண்கிறான். அங்கு ஆடகம், கிளிச்சிறை, சாதரூபம், சாம்பூநதம் என்னும் நால்வகைப் பொன்னையும் பகுத்தறியும் வணிகர் இருந்தனர். எவ்வகைப் பொன் எங்கே உளது என்று வாங்குவோர் கலங்காதவாறு அவர்கள் கொடிகளை உயர்த்தியிருந்தனர் என்று இளங்கோவடிகள் காட்டுகிறார்.

கிளிச்சிறை என்பது கிளியின் சிறகு போன்ற நிறமுடைய பொன் என்று பொருள் கூறுவர். பொன்னில் வெள்ளி மிகுதியாகக் கலந்தால் இளம்பசுமை தோன்றும் என்பது இக்கால உலோக நூலாரும் அறிந்த உண்மை. இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்கினால், நிறத்தைக் கொண்டே கலப்பை உணர்ந்த கண்கள் அக்காலத்தில் இருந்தன என்று கருத இடமுண்டு. அன்று மதுரையில் கொடி செய்த வேலையையே இன்று நகையின் உட்புறத்தில் பொறித்த சிற்றெண் செய்கிறது. கொடியைக் காணக் கண் போதும். எண்ணைப் படிக்கக் கணக்கும் வேண்டும்.

பெரும்பத்தன் கல்

பொன்னின் தரத்தை நம் முன்னோர் 'மாற்று' என்றனர். அதனை அறிய உதவிய கருங்கல்லே உரைகல். கட்டளைக்கல் என்பதும் அதுவே. பொன்னைக் கல்லில் உரைத்து, அக்கோட்டின் நிறத்தை, முன்னரே மாற்று அறியப்பட்ட ஆணிகளின் கோட்டோடு ஒப்பிடுவர். அவ்வாறு அளவுகோலாக அமைந்த உயர்ந்த பொன்னே 'ஆணிப்பொன்' எனப்பட்டது. உரைத்த துகளையும் வீணாக்காமல், மெழுகினால் ஒற்றி எடுத்துக்கொள்வர்.

இக்கலை கடல் கடந்தும் சென்றது. நாம் வாழும் இதே தீபகற்பத்தின் வடபால், தாய்லாந்து நாட்டுக் கிராபி மாநிலத்தில், குளோங் தோம் என்னும் ஊருக்கு அருகே ஓர் உரைகல் கிடைத்தது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. பத்தன் என்பது பொற்கொல்லனைக் குறிக்கும் சொல். இன்றும் பத்தர் என்று வழங்குகிறோம். எனவே இது பெரும்பத்தன் ஒருவனுக்கு உரிய கல். கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டினது என்று எழுத்தியல் அறிஞர் கணிப்பர். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப் பொற்கொல்லர் இத்தீபகற்பத்தில் அமர்ந்து பொன்னின் மாற்றுரைத்தார் என்பதற்கு இச்சிறு கல்லே சான்று.

கல் மட்டுமன்று, சொல்லும் இங்கு வந்து தங்கியது. மலாய் மொழியில் தரத்தைக் குறிக்கும் 'மூத்து' என்னும் சொல், தமிழ் 'மாற்று' என்பதிலிருந்து சென்றது என்பர் அகராதி அறிஞர். அதன் பழம்பொருள் பொன்னின் தூய்மையே. கலப்பற்ற தங்கத்தை 'எமாஸ் செபூலோ மூத்து', அஃதாவது பத்து மாற்றுப் பொன், என்று மலாய் மக்கள் கூறினர். பின்னரே எல்லாப் பொருளின் தரத்துக்கும் அச்சொல் பரவியது. கடையைக் குறிக்கும் 'கெடாய்', முதலீட்டைக் குறிக்கும் 'மோடல்' ஆகியவையும் தமிழ்க் கடை, முதல் என்பவற்றின் வழி வந்தவையே. பொன்னைக் குறிக்கும் 'எமாஸ்' வடமொழியின் 'மாஷ' என்னும் எடைப் பெயரிலிருந்து வந்தது என்பர்.

எடையைப் பற்றியும் இங்கே ஒன்று கூறலாம். சோழர் காலத்தில் பொன்னை நிறுத்த கழஞ்சு 20 மஞ்சாடி கொண்டது. ஒரு மஞ்சாடி 2 குன்றி. மஞ்சாடி என்பது செந்நிற விதை. இந்நாட்டில் சாலையோரங்களில் 'சாகா' என்ற பெயரில் நிற்பது அம்மரமே. மலாய் மக்களும் அவ்விதையைப் பொன் நிறுக்கப் பயன்படுத்தினர். நான்கு விதை சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிராம் ஆகும்.

எண்களின் கணக்கு

இனி, கடையில் காணும் எண்களுக்கு வருவோம். உலக வழக்கில் தூய பொன்னை 24 காரட் என்பர். காரட் என்ற சொல் ஒருவகை மரத்தின் விதையைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து அரபு வழியாக வந்தது. உரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் வெளியிட்ட பொற்காசு அவ்விதை எடையில் 24 கொண்டிருந்தமையால், 24 என்பது முழுமைக்கு அடையாளமாயிற்று. நாம் மஞ்சாடியால் நிறுத்தோம். அவர்கள் வேறொரு விதையால் நிறுத்தனர்.

24 பங்கில் 22 பங்கு பொன்னாக இருந்தால் அது 22 காரட். 22-ஐ 24-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 916 வரும். இதுவே 916-இன் பொருள்: ஆயிரம் பங்கில் 916 பங்கு பொன், எஞ்சிய 84 பங்கு செம்பு, வெள்ளி முதலியன. இவ்வாறே 750 என்பது 18 காரட். 585 என்பது 14 காரட். 375 என்பது 9 காரட். இந்நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் 835 ஏறத்தாழ 20 காரட் ஆகும். தாய்லாந்து நகைகளில் 965 என்பதைக் காணலாம். பத்து மாற்றைத் தூய பொன்னாகக் கொண்டால், 916 என்பது ஒன்பது மாற்றுக்குச் சற்று மேல். 750 என்பது ஏழரை மாற்று. 'பத்தரைமாற்றுத் தங்கம்' என்று நாம் பேச்சில் புகழ்வது மிக உயர்ந்த தூய்மையையே.

20 கிராம் எடையுள்ள மூன்று சங்கிலிகளை எண்ணிப் பாருங்கள். 916 சங்கிலியில் தூய பொன் 18.3 கிராம், 835 சங்கிலியில் 16.7 கிராம், 750 சங்கிலியில் 15 கிராம். தராசில் மூன்றும் சமமே. அடகுக் கடையில் சமமல்ல. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு 3.3 கிராம், ஒரு குழந்தையின் மோதிரத்துக்கு மேற்பட்ட பொன்.

நம் வீடுகளில் வழங்கும் 'பவுன்' என்னும் அளவும் 22 காரட்டோடு தொடர்புடையதே. ஆங்கிலேயரின் சவரன் காசு 7.988 கிராம் எடையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு பொன்னும் உடையது. அதனை ஒட்டியே 8 கிராமை ஒரு பவுன் என்கிறோம். நல்ல நாள் பார்த்துப் பொற்காசை உருக்கித் தாலி செய்யும் பொன்னுருக்கல் என்னும் சடங்கு யாழ்ப்பாணத் தமிழரிடம் உண்டு. உருக்கும்போது உறவினர் முன்னிலையில் இருத்தல் அதன் மரபு. மங்கலத்தோடு மாற்றுக்கும் அது சாட்சியாயிற்று எனலாம்.

கலப்பு எதற்கு?

"தூய பொன் இருக்க, கலப்பு எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. தூய பொன் மிக மென்மையானது. அதனாற் செய்த சங்கிலியின் கண்ணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து விரைவில் தேயும். வளையல் எளிதில் வளையும். கல்லைப் பற்றும் நகங்கள் நெகிழும். செம்பு சேர்ந்தால் பொன் உறுதி பெறுகிறது; நிறமும் சிவக்கிறது. செம்பு மிகுந்த பொன்னையே மலாய் மக்கள் 'சுவாசா' என்பர். வெள்ளி சேர்ந்தால் நிறம் வெளுத்துப் பசுமை காட்டும். பல்லேடியம் அல்லது நிக்கல் சேர்த்தால் வெண்பொன் கிடைக்கும். நிக்கல் சிலருடைய தோலுக்கு ஒவ்வாது. அரிப்பும் தடிப்பும் உண்டாகும். ஆதலின் வெண்பொன் வாங்குவோர் அதில் கலந்தது யாதெனக் கேட்டறிதல் நன்று.

எதற்கு எது?

தாலியும் தாலிக்கொடியும் இரவும் பகலும் உடலில் கிடப்பவை. வியர்வையிலும் நீரிலும் தோய்பவை. பின்னொரு நாள் குடும்பத்தின் கடைசிச் சேமிப்பாகவும் நிற்பவை. உறுதியும் மதிப்பும் ஒருங்கே வேண்டுமாதலால் இவற்றுக்கு 916 பொருத்தமானது. 999-இல் கொடி செய்தல் பெருமைக்கு ஆகும், தேய்மானத்துக்கு ஆகாது.

நாள்தோறும் அணிந்து வேலை செய்யும் கைவளைக்கு 835 கொள்வதில் குற்றமில்லை. அது சற்று உறுதியானது, விலையும் குறைவு. ஆனால் 916-க்கு உரிய விலையை அதற்குக் கொடுத்தல் ஆகாது. பின்னர் விற்கும்போது 916-இன் விலையை எதிர்பார்த்தலும் ஆகாது.

வைரமும் பிற மணிகளும் பதிக்கும் நகைக்கு 750 தகும். நகம் உறுதியாக இருந்தாலன்றிக் கல் நில்லாது. கல் வீழ்ந்தபின் மாற்று உயர்ந்திருந்து பயன் என்ன? ஆயினும் இத்தகைய நகையைச் சேமிப்பு என்று கருதலாகாது. விற்கும்போது கல்லுக்குக் கொடுத்த விலை பெரும்பாலும் திரும்புவதில்லை.

சேமிப்பே நோக்கமாயின், நகையை விடுத்துக் கட்டியோ காசோ வாங்குதல் சிறந்தது. மலேசிய மத்திய வங்கி 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கிஜாங் எமாஸ்' காசு 999.9 தூய்மை உடையது. காசிலும் கட்டியிலும் செய்கூலி நகையை நோக்க மிகக் குறைவு. அண்மைக் காலத்தில் 999 தூய்மையிலேயே உறுதியான நகைகளும் வருகின்றன. மின்சாரத்தால் பொன்னை மெல்லிய ஓடாகப் படியவைத்துச் செய்யும் முறை அது. காண்பதற்குப் பெரிதாகவும் எடைக்குச் சிறிதாகவும் இருக்கும். உள்ளே கூடு, உடைந்தால் பழுது பார்த்தல் அரிது. எடைக்கு விலை கூறாமல் நகைக்கு விலை கூறினால், எடையைக் கேட்டு, ஒரு கிராமுக்கு என்ன விழுகிறது என்று வகுத்துப் பார்க்க வேண்டும்.

எடைக்குள் இருப்பது என்ன?

மாற்றை அறிந்தால் மட்டும் போதாது. நிறுத்த எடைக்குள் என்ன இருக்கிறது என்பதும் அறிய வேண்டும். இதில் நமக்கு வழிகாட்டி தஞ்சைப் பெரிய கோயில். முதலாம் இராசராசன் வழங்கிய அணிகலன்களை அங்குள்ள கல்வெட்டுகள் ஒவ்வொன்றாகக் குறிக்கின்றன. பொன்னை நிறுத்த கல் 'ஆடவல்லான்' என்ற பெயருடையது. மணி அணிகளை நிறுத்த கல்லுக்குத் 'தட்சிணமேரு விடங்கன்' என்று பெயர். பொன்னின் மாற்று 'தண்டவாணி' என்னும் அளவோடு ஒப்பிடப்பட்டது. அணிகலனில் எத்தனை முத்து, எத்தனை மணி என்ற தொகை கூறி, கோத்த நூலும் சட்டமும் செப்பாணியும் நீக்கிய எடை எவ்வளவு, அரக்கும் உட்பட்ட எடை எவ்வளவு என்பதையும் பிரித்தே பொறித்தனர். இறைவனுக்கு மன்னன் கொடுத்த நகைக்கே இத்தனை கணக்கு என்றால், வியர்வை சிந்திய கூலியில் வாங்கும் நகைக்கு எத்துணைக் கணக்கு வேண்டும்!

ஆகவே கல் நகை வாங்குவோர், கல்லின் எடை கழித்தபின் பொன் எவ்வளவு என்று தனியே எழுதித் தரக் கேட்க வேண்டும். அரக்கு உள்ளே இட்ட நகையாயின் அதனையும் கேட்க வேண்டும்.

அடுத்தது பற்றாசு. நகையின் துண்டுகளைப் பற்றவைக்கும் கலவை, நகையைவிடக் குறைந்த வெப்பத்தில் உருக வேண்டும்; ஆதலின் அதில் பிற உலோகம் மிகும். முற்காலத்து 22 காரட் நகையை உருக்கினால் 22 காரட் கிடைக்காமற் போனமைக்கு இதுவும் ஒரு காரணம். இக்குறையை நீக்கக் காட்மியம் என்னும் உலோகத்தைச் சிறிதளவு பொன்னோடு சேர்த்துப் பற்றவைத்தனர். 'கேடிஎம்' என்று விளம்பரங்களில் நாம் கண்டது அதுவே. அது மாற்றின் பெயரன்று. பற்றவைக்கும் முறையின் பெயர். காட்மியம் 767 பாகை செல்சியசில் ஆவியாகி விடும். அப்புகை பட்டறையில் அமர்ந்த பொற்கொல்லரின் நுரையீரலைக் கெடுத்தது. அதனால் துத்தநாகம் முதலியன அதன் இடத்தைப் பெற்றன. இன்றும் 'கேடிஎம் தங்கம்' என்பதைத் தூய்மைக்குச் சான்றாகக் கருதுவோர் உளர், அது தவறு.

'தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான்' என்று பொற்கொல்லரைப் பழிக்கும் பழமொழி ஒன்று உண்டு. அறுக்கும்போதும் அராவும்போதும் மெருகிடும்போதும் பொன் உதிர்வது இயற்கை. அதனையே சேதாரம் என்பர். நேர்மையான பத்தரையும் இப்பழி சுட்டது. செய்கூலியும் சேதாரமும் முன்கூட்டியே எழுத்தில் இருந்தால், வாங்குவோர்க்கு ஐயமில்லை, செய்வோர்க்குப் பழியுமில்லை.

உரைகல் முதல் கதிர் வரை

மாற்றை அறியும் வழிகள் இன்று பல. உரைகல்லில் இட்ட கோட்டின்மேல் திராவகம் தடவினால் செம்பும் வெள்ளியும் கரையும், பொன் நிற்கும். ஈயத்தோடு சேர்த்து உருக்கிப் பிற உலோகத்தைப் பிரிக்கும் நெருப்புச் சோதனையே மிகவும் நம்பத்தக்கது. ஆனால் அதற்கு நகையின் ஒரு சிறு பகுதியை இழக்க வேண்டும். தவத்தைப் பற்றிக் கூறும் அதிகாரத்தில் வள்ளுவர் பொன்னை நெருப்பிலிட்டுக் காட்டியது இக்கலையின் அடிப்படையை உணர்ந்தே எனலாம். பெரிய கடைகள் சிலவற்றில் ஊடுகதிரால் சில நொடிகளில் தரம் காட்டும் கருவி உண்டு. அது நகையைச் சிதைக்காது. ஆனால் மேற்பரப்பையே படிக்கும். தடித்த முலாம் பூசிய பொருளில் அதுவும் ஏமாறலாம். சிலம்பின் வழக்கும் உள்ளே இருந்த பரலைக் கண்டபின் அன்றோ தெளிந்தது!

சீட்டே சாட்சி

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய தர முத்திரைத் திட்டம், 2021 சூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. ஒவ்வொரு நகைக்கும் ஆறு குறியீடு கொண்ட தனி அடையாளம் இடப்படுகிறது. மலேசியாவில் பொருளின் தரம் பற்றிப் பொய் விவரம் கூறுதல் 2011-ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். ஏமாற்றம் நேர்ந்தால், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றத்தை வழக்கறிஞர் இன்றியே நாடலாம். ஆனால் அங்குச் செல்பவர் கையில் சீட்டு இருக்க வேண்டும். மாற்று, மொத்த எடை, கல் நீங்கிய எடை, அன்றைய கிராம் விலை, செய்கூலி, திரும்ப வாங்கினால் கழிக்கும் அளவு ஆகிய ஆறும் அதில் இருத்தல் வேண்டும். கடைக்காரர் தெரிந்தவர் என்பதற்காகச் சீட்டு கேட்க வெட்கப்படுதல் கூடாது.

இவையனைத்தும் வகுப்பறைக்கு உரியவை என்பதே நம் கருத்து. 916-ஐப் பின்னமாக்குதல் கணக்குப் பாடம். ஊர்காண் காதை இலக்கியப் பாடம். மாற்று 'மூத்து' ஆனது மொழிப் பாடம். குளோங் தோம் உரைகல் வரலாற்றுப் பாடம். கீழே விழுந்து கிடக்கும் சாகா விதைகளைப் பொறுக்கி நிறுக்கச் சொன்னால் மாணவர் கழஞ்சையும் அறிவர். இவற்றைக் கற்ற மாணவி ஒருத்தி, நாளை தன் தாயோடு நகைக் கடைக்குச் சென்று, வளையலின் உட்புறத்தைத் திருப்பி எண்ணைப் படித்து, "அம்மா, இதில் ஏழரை மாற்றுத்தான் இருக்கிறது; ஒன்பது மாற்றுக்கு உரிய விலை கேட்கிறார்கள்" என்று சொல்வாளாயின், அவள் கற்ற தமிழ் அவள் குடும்பத்துப் பொன்னைக் காத்தது என்று நாம் மகிழலாம்.